பாளையங்கோட்டைக் காற்று எங்கிருந்து வந்தது? ஹைஸ்பிளிட்டில் பின்னோக்கிப் பார்ப்பது எப்படி

மார்கழி, தை மாதக் காலைகளில் தாமிரபரணிக் கரை மங்கலாகக் கிடந்தால் "எல்லாம் தூத்துக்குடிப் புகைதான்" என்பார் ஒருவர், "எவனோ குப்பையக் கொளுத்திருக்கான்" என்பார் இன்னொருவர். இந்த வழக்கை முழுதாகத் தீர்க்க முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை மட்டும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அதற்கு அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இலவசமாகத் தரும் ஹைஸ்பிளிட் போதும், காற்று வந்த பாதையைக் கணக்கிடும் மென்பொருள் அது. காற்றின் வேதியியலையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூஆர்எஃப்-கெம் என்ற பெரிய மென்பொருள் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதை நிறுவி முடிப்பதற்குள்ளேயே ஆர்வம் வற்றிவிடும்.

படி 1: நோவாவின் 'ரெடி' தளத்தில் ஹைஸ்பிளிட்டைத் திறந்து, பழைய தேதிகளுக்கான டிராஜெக்டரியை, அதாவது காற்றுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க இடம் ஒன்று போதும்.

படி 2: எந்த வானிலைத் தரவு? நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பல விளக்கங்களில் ஜிடாஸ் என்ற வானிலைத் தரவு, 1 டிகிரி என்று போட்டிருக்கும். 1 டிகிரி என்றால் தரவின் ஒவ்வொரு கட்டமும் சுமார் 110 கிலோமீட்டர் அகலம். பாபநாசம் மலை, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடல் எல்லாம் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 1,868 மீட்டர் அகத்தியமலை அந்தத் தரவில் மழுங்கிப்போன மேடுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் சுத்தமாகக் காணாமல் போயிருக்கும். ஆனால் ஆடிக்காற்று அந்த வழியாகத்தானே பாய்கிறது, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தானே! அதனால் ஜிஎஃப்எஸ் என்ற இன்னொரு தரவில் 0.25 டிகிரியை எடுங்கள். கட்டம் சுமார் 28 கிலோமீட்டர். கணவாய்க்கு இதுவும் பத்தாது, ஆனால் மலை எது, சமவெளி எது என்றாவது தெரியும். பழைய ஆண்டுகளுக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் 1 டிகிரிக்குப் போங்கள்.

படி 3: பாளையங்கோட்டைப் பக்கத்துக்கு அட்சரேகை 8.73, தீர்க்கரேகை 77.70. கிழக்கு என்று குறித்திருக்கிறதா எனப் பாருங்கள். மேற்கு என்றிருந்தால் காற்றுப் பாதையைக் காட்டும் கோடு தென் அமெரிக்கப் பக்கம் போய்விடும்.

படி 4: நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் கேட்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். காலை 7.30 என்றால் 02 யூடிசி. அதிகாலை 3.30 என்றால் முந்தைய நாள் 22 யூடிசி, தேதியும் மாறும்.

படி 5: திசை பின்னோக்கி, 72 மணி நேரம். உயரம் தரையிலிருந்து 100, 500, 1000 மீட்டர் என மூன்றும் கொடுங்கள். 10 மீட்டர் கொடுத்தால் கோடு சீக்கிரமே தரையில் முட்டி ஒட்டிக்கொள்ளும். மற்றதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

சரி, படம் வந்துவிட்டது. மேலே வரைபடம், கீழே உயர வரைபடம். எல்லோரும் மேலதை மட்டும் பார்க்கிறார்கள். கோடு தூத்துக்குடி வழியாக வந்திருந்தாலும், அந்த நேரத்தில் அது 2000 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஆலைப் புகை அதில் கலந்திருக்க வாய்ப்பு குறைவு. கோட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கடந்த தூரத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை பிழை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 500 கிலோமீட்டர் போனால் 100 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் 'என்செம்பிள்' வைத்து ஓட்டுங்கள், வானிலைத் தரவைச் சற்றே நகர்த்தி 27 கோடுகள் போடும். அவை சிலந்தி வலை மாதிரி விரிந்தால் அன்றைக்குத் தீர்ப்பு சொல்லாமல் இருப்பதே நல்லது. என்செம்பிளுக்கு 250 மீட்டருக்கு மேல் தொடங்குங்கள்.

இன்னொன்று, இந்தக் கோட்டுக்கு வேதியியல் தெரியாது. நிலக்கரிப் புகையிலுள்ள சல்பர் டை ஆக்சைடு வழியிலேயே மெல்ல மெல்ல சல்பேட் துகளாக மாறும். வெயிலில் நைட்ரஜன் டை ஆக்சைடு உடைந்து ஓசோன் உருவாகும். இதெல்லாம் இதில் வராது. பக்கத்துத் தெருக் குப்பைப் புகையும் வராது. தை மாதக் காலையில் காற்று கலக்கும் அடுக்கு மிகத் தாழ்வாக இருப்பதால், அந்தப் புகைக்குத்தான் பெரும்பாலும் வேலை அதிகம்.

பின்சேர்க்கை: கணினியில் ஹைஸ்பிளிட்டை நிறுவி ஓட்டினால் கோடு பாதியில் நின்றுவிடுகிறது என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். ஜிஎஃப்எஸ் 0.25 கோப்பு ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தரவுதான் இருக்கும். 15ஆம் தேதி 02 யூடிசியிலிருந்து 72 மணி நேரம் பின்னால் போக 12, 13, 14, 15 என நான்கு கோப்புகளையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பெரிய கோப்பு, மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள்.