நம் ஊர் ஈரத்தில் மரப்பலகை கெடாமல் இருக்க

காய் வெட்டும் மரப்பலகை சிங்கப்பூரில் ரொம்ப நாள் தாங்குவதில்லை என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். தேய்த்துக் கழுவுவதில் யாரும் குறை வைப்பதில்லை, காயவைப்பதில்தான் கோட்டை விடுகிறோம். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டிவிடும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். இராத்திரி சமையலை முடித்து, பலகையைக் கழுவிச் சுவரில் சாத்திவிட்டுப் படுக்கப்போனால் விடியும்வரை அது காயவே காயாது.

கழுவுவது சுலபம். வெட்டி முடித்ததும், மஞ்சளும் மீன்சாறும் ஊறுவதற்குள், வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரச் சோப்பு, நார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் கழுவுங்கள், அடிப்பக்கம் சுத்தமாக இருந்தாலும் சரி. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் உப்பிப் பலகை வளைந்துவிடும், அப்புறம் வெங்காயம் வெட்டும்போதெல்லாம் மேடையில் டக் டக்கென்று ஆடும். தொட்டித் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் வேண்டாம்.

கழுவியதும் துணியால் துடைத்து, கம்பித் தட்டில் குறுக்காக நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும். உங்கள் பலகையை இப்போதே எடுத்து அடி விளிம்பைப் பாருங்கள். கருப்பாக ஒரு கோடு ஓடினால், தண்ணீர் வடிந்து அங்கேயே நின்று பூசணம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இரவில் கழுவினால் மின்விசிறிக்கு நேரே கொஞ்ச நேரம் வையுங்கள். துணி காயப்போடும் பக்கம் வெயில் வருகிற வீடு என்றால் அரை மணி நேரம் காட்டலாம், மஞ்சள் கறைகூட வெயிலில் தானாக வெளுக்கும். நாள் முழுக்க உச்சி வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

பூண்டு, பிளாச்சான், கருவாட்டு வாடைக்குக் கல்லுப்பைத் தூவி அரை எலுமிச்சம்பழ மூடியால் அழுத்தித் தேய்த்து, சில நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். வாடை போகுமே தவிர இது கிருமிக்கு மருந்தல்ல. பச்சைக் கோழி, மீனுக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் பாதுகாப்பு என்பார்கள். அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற உணவுக் கிருமி ஆய்வாளர் 1990-களில் செய்த ஆய்வில், மரத்துக்குள் இறங்கிய கிருமிகள் பெருகாமல் மெல்லச் சாவதையும், கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வது கடினம் என்பதையும் கண்டார். அதற்காக அலட்சியம் கூடாது. இறைச்சிப் பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, சுமார் 4 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து ஊற்றி, சில நிமிடம் கழித்து அலசிவிடுங்கள். பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அடுத்தது எண்ணெய். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் தடவினால் முதல் வாரம் பளபளக்கும், பிறகு பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். உணவுக்கு உகந்த மினரல் ஆயில்தான் சரி, அது கெட்டுப்போகாது. குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலும் அதே வகைதான், ஆனால் வாசனை சேர்த்தது, வேண்டாம். தேங்காய் எண்ணெய் மற்ற சமையல் எண்ணெய்களைவிடத் தாங்கும், வேறு வழியில்லை என்றால் பரவாயில்லை. பலகை நன்றாகக் காய்ந்த பிறகு தாராளமாக ஊற்றி, துணியால் இரண்டு பக்கமும் நாலு விளிம்பும் தேயுங்கள். மர ரேகைக்குக் குறுக்கே அறுத்த முனை தெரிகிற விளிம்புதான் மடமடவென்று குடிக்கும், அங்கே இன்னும் கொஞ்சம் விடுங்கள். ஓர் இரவு விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுபடி எப்போது? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் அவசரமில்லை, உடனே உள்ளே இறங்கினால் அன்றைக்கே தடவுங்கள்.

சிக்கன் ரைஸ் கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி கனத்த வட்டக் கட்டை வைத்திருப்பவர்கள் அதை மேடையில் அப்படியே உட்காரவைக்காமல் அடியில் இரண்டு குச்சி கொடுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் சொதசொதவென்றே இருக்கும்.

மேலாகப் பூசணப் புள்ளி, கீறல் என்றால் 120 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே தேய்த்து, பிறகு 220-ஆல் வழவழப்பாக்கி, தூசியைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். பசை விட்டு இடைவெளி தெரிந்தாலோ, கத்தி முனை நுழையும் அளவு பிளந்தாலோ தூக்கிப்போட வேண்டியதுதான். அதைக் குப்பைக் குழாயில் மட்டும் தள்ளிவிடாதீர்கள், நடுவில் சிக்கினால் மொத்த புளோக்கும் திட்டும், கீழே எடுத்துக்கொண்டுபோய்ப் போடுங்கள்.