செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே ஒரு நாள்தானா?

முதலில் கிழமையைப் பாருங்கள். ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் மீது குண்டு வீசப்பட்ட இடத்தில் எழுந்த 'சிந்திய ரத்தத்தின் மேல் மீட்பர்' தேவாலயத்துக்குப் புதன். செவ்வாயோ வியாழனோ என்றால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஹெர்மிடேஜை முழுதாகப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஜோர்டான் படிக்கட்டு, லியொனார்டோ டா வின்சியின் இரண்டு மடோனா (குழந்தை இயேசுவுடன் மரியாள்) ஓவியங்கள், ரெம்பிராண்டின் 'ஊதாரி மகன்' ஓவியம் போதும். தேவாலயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். தூரத்தில் வண்ணப்பூச்சு போலத் தெரிவதெல்லாம் மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளைப் பதித்த வேலை. சுவரருகே போனால் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாலையில் படகு. மேல்தளம் திறந்த படகாக, மொய்க்கா, ஃபொன்டான்கா என்ற சிற்றாறுகள் வழியாக நேவா ஆற்றுக்குள் போவதாகப் பார்த்து ஏறுங்கள். விளக்கம் பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான், புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. சில பாலங்கள் தலையை உரசுகிற உயரம், படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள். சிற்றாறுகளில் இதமாக இருக்கும் காற்று, நேவாவில் ஜூனிலும் குத்தும். ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் இந்தப் படகுகள் ஓடா.

வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. ரூபிளாகப் பணம் தேவை.

கோடையில் நள்ளிரவுக்குப் பின் நேவா பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். மெட்ரோவும் அதற்குள் நின்றிருக்கும். வேடிக்கை பார்க்க நிற்பதென்றால், உங்கள் விடுதி இருக்கும் கரையிலேயே நில்லுங்கள்.