லாரியில் கூலன்ட் எங்கே கசிகிறது? புதிதாகக் கற்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

கனரக லாரியில் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவு குறையும்போது, பலரும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர் சேரச் சேர, கூலன்டில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பு மருந்து நீர்த்துப்போய், பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயான சிலிண்டர் லைனரின் வெளிச்சுவரில் ஊசிமுனை அளவில் குழிகள் விழத் தொடங்கும். கசிவு எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதும் மறைந்துபோகும். ஆகவே, நிரப்புவதற்கு முன் கசிவின் தலையைக் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டு விழும் இடம் வேறு, கசிவு பிறக்கும் இடம் வேறு என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. பல லாரிகளில் மூடி 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், உள்ளே இருக்கும் கூலன்ட் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடியில் அந்த அழுத்தம் இறங்கி, கூலன்ட் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்திருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிப்பாக இருப்பதால் நாய், பூனைகள் நக்கிவிடும். அது கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள்.

முதல் படி, கண்ணால் தேடுவது. குளிர்ந்த என்ஜினில் கூலன்ட் டேங்கின் அளவை ஒரு கோடு போட்டுக் குறித்து, கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டிகள், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) உறை, வாட்டர் பம்ப் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ அந்தக் கூலன்டின் நிறத்திலோ உப்புப் பொருக்கு படிந்திருக்கும். ஓட்டத்தில் விசிறிக் காற்று ஈரத்தைப் பின்பக்கமாக அடித்துக்கொண்டு போவதால், நனைந்த இடங்களிலேயே மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். என்ஜின் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால், கழுவிக் காயவைத்த பிறகே இந்தத் தேடலைத் தொடங்குங்கள்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவே வைத்த வழி அது. அதன் வாயில் காய்ந்த மெல்லிய கறை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஈரம் கோடாக இறங்கியிருந்தால் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்தத் துளையை அடைத்துவிடுவது மிகத் தவறான வைத்தியம்.

இரண்டாம் படி, அழுத்தச் சோதனை. கைப்பம்பும் மீட்டரும் கொண்ட சோதனைக் கருவியை மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அளவு வரை மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். அதைத் தாண்டினால் நல்ல பாகமும் கெடும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபினுக்குள் இருக்கும் ஹீட்டர் சோதனைக்கு உட்படாமலே போய்விடும். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இருக்க வாய்ப்புக் குறைவு. சூடான என்ஜினில் இதைச் செய்தால், ஆறும்போது அழுத்தம் தானாகவே இறங்கி, இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டும். மூடியையும் அதற்குரிய இணைப்பை மாட்டித் தனியாகச் சோதியுங்கள். பிடிப்பு இழந்த மூடியால் கூலன்ட் வழிந்து வீணாகும் வண்டிகள் நிறையவே உண்டு.

குளிரில் மட்டும் தலைகாட்டும் கசிவு தனி வகை. நான் பார்த்த ஒரு லாரியில் பகலில் எத்தனை முறை அழுத்தம் ஏற்றியும் ஒரு சொட்டுகூட விழவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்ஜினைக் கிளப்புவதற்கு முன் அடியில் படுத்துப் பார்த்தபோது, கீழ் ஹோஸின் விளிம்பில், கிளாம்பை ஒட்டி, கடுகளவு துளி ஒன்று திரண்டு நின்றது. சூட்டில் விரிந்து இறுகும் ஹோஸ் குளிரில் சுருங்கித் தளர்கிறது. சிலிக்கோன் ஹோஸில் சாதாரண கிளாம்பை மேலும் முறுக்கினால் ஹோஸ்தான் அறுபடும். சுருங்கினாலும் பிடிப்பு விடாத ஸ்பிரிங் கிளாம்பே இதற்குத் தீர்வு.

மூன்றாம் படி, உட்கசிவு. வெளியே ஈரமே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், அது போகும் வழிகள் சிலவே. என்ஜின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை வந்தால், இ.ஜி.ஆர். கூலரை (என்ஜினுக்குள் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) முதலில் சந்தேகியுங்கள். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்துவிட்டுக் கிளப்பியதும் டேங்கில் இடைவிடாமல் குமிழி எழுந்தால், ஹெட் கேஸ்கெட்டோ (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு), பிரேக்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரசரோ பழுதாகி, கூலன்டுக்குள் வாயு புகுகிறது. ஏர் டேங்கை வடிக்கும்போது கூலன்ட் வந்தால் கம்ப்ரசர்தான் குற்றவாளி. டேங்கில் எண்ணெய் மிதந்தால் ஆயில் கூலரைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தமே மிகுதி என்பதால் அது கூலன்டுக்குள் புகுகிறது.

ஆயிலுக்குள் கூலன்ட் இறங்குகிறதா என்று அறிய, வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் என்ஜினைக் கிளப்பாமல் சம்பின் (என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். கூலன்ட் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். கறுப்பு எண்ணெய்க்கு முன்னால் நிறம் தெளிந்த சில துளிகள் விழும். அவை விழுந்தால், லைனரின் ஓரிங்கோ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆயில் கூலரோ விட்டுவிட்டது என்று பொருள். சம்பைக் கழற்றி, அழுத்தம் ஏற்றி, லைனர்களின் அடியில் விளக்கடித்துப் பார்த்தால் எந்த சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். அதுவரை என்ஜினைக் கிளப்பவே வேண்டாம். கூலன்ட் கலந்த எண்ணெயில் பேரிங்குகள் வெகுவிரைவில் தேய்ந்துபோகும்.

பழுதை நீக்கிய பிறகு, அதே வகைக் கூலன்டைத் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கலந்து, காற்று அடைபடாமல் மெதுவாக ஊற்றுங்கள். மீண்டும் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, முழுதும் ஆறியபின் அளவைப் பார்த்து டேங்கில் புதுக்கோடு போடுங்கள். அடுத்த சில நாள்கள், காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாருங்கள்.