உணரி வலையமைப்புகளில் நேர ஒத்திசைவு: ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான கம்பியில்லா உணரிக் கணுக்களில், அதாவது சுற்றுப்புறத்தை அளந்து ரேடியோவழி ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் சிறு கருவிகளில், நேரத்தை எண்ணுவது, நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகமாகும். அதன் வேகம் பத்து லட்சத்தில் 40 பங்கு பிசகினாலே ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றரை நொடி விலகல் சேர்ந்துவிடும். ஆகவே கடிகாரங்களை ஒருமுறை சரிசெய்து விட்டுவிட்டால் அது ஒத்திசைவாகாது. ஒவ்வொன்றும் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்னும் வேக வேறுபாட்டையும் மதிப்பிட்டாக வேண்டும். அந்த வேகமும் நிலையானதன்று. இத்தகைய படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி மிக வேகமாக அதிரும். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். 45 டிகிரியில் பத்து லட்சத்தில் 14 பங்கும், 55 டிகிரியில் 31 பங்குக்குச் சற்று மேலும் பின்தங்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் எடுத்த அளவீட்டை வெயிலில் நிற்கும் பெட்டிக்கும் பொருத்தி எழுதுவது, இதனால்தான் ஏற்கத்தக்கதன்று.

கணுக்கள் தங்கள் நேரத்தைச் செய்திகளில் பரிமாறியே ஒத்திசைகின்றன. எனினும் மிகுதியான சேதம் நேரமுத்திரை (செய்தி அனுப்பிய அல்லது பெற்ற நேரத்தின் பதிவு) இடும் இடத்தில்தான் நேர்கிறது. செய்தியைத் தயாரிக்கும் நிரலிலேயே நேரத்தைப் பதித்துவிட்டால், அலைவரிசை காலியாகும்வரை ரேடியோ காத்திருக்கும் நேரமும் பிழையோடு சேர்ந்துகொள்கிறது. அது பல மில்லிநொடிகளாக இருக்கலாம், ஒவ்வொரு முறையும் வேறாகவும் இருக்கும். இதைக் கவனியாமல், 300 மீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு ஆகும் ஒரு மைக்ரோநொடியைத் திருத்தப் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதுவோரும் உண்டு. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பது இதுதான். 2004இல் வெளிவந்த எஃப்.டி.எஸ்.பி. (FTSP) என்னும் நேர ஒத்திசைவு நெறிமுறை ஒரு மைக்ரோநொடி அளவிலான துல்லியத்தை எட்டியதற்கு, பைட்டுகள் ரேடியோவிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும்போதே முத்திரையிட்டது முக்கியக் காரணமாகும். இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஒரு பைட் செல்ல 32 மைக்ரோநொடி ஆகும். அனுப்பும் கணு ஒரு பைட்டுக்கு முன்னும் பெறும் கணு அதற்குப் பின்னும் முத்திரையிட்டால், எத்தனை முறை சராசரி எடுத்தாலும் அந்த 32 மைக்ரோநொடி அப்படியே நிற்கும். இரு பக்கமும் ஒரே பைட்டின் ஒரே முனையைப் பிடிக்கின்றனவா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கணக்கிடும் நிரலும் ஏமாற்றும். 32 பிட் மிதவைப்புள்ளி எண் (கணினி தசம எண்ணைச் சேமிக்கும் வடிவம்) 24 பிட் துல்லியத்தையே தாங்கும் என்பதால், மைக்ரோநொடிக் கணக்கில் 16.8 நொடியைத் தாண்டியதும் கடைசி இலக்கங்கள் உதிரத் தொடங்கும். முத்திரைகளை முழு எண்களாகக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டுமே, வேக வேறுபாட்டை மதிப்பிடும் நேர்கோட்டுப் பொருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். 32 பிட் மைக்ரோநொடி எண்ணி 71.6 நிமிடத்தில் மீண்டும் சுழிக்குத் திரும்பும் என்பதையும் மறக்கலாகாது. அரை மணி நேரச் சோதனையில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

மதிப்பீட்டில் நேரும் தவறுகள் இவற்றைவிட நுட்பமானவை. ஒத்திசைவுக்குப் பயன்படும் அதே செய்திகளைக் கொண்டே பிழையையும் அளந்தால், முன்சொன்ன 32 மைக்ரோநொடியைப் போன்ற நிலையான பிசகு கண்ணில் படாது. எல்லாக் கணுக்களுக்கும் ஒரே மின்துடிப்பைக் கம்பிவழியே கொடுத்து, ஒவ்வொன்றும் அதற்குப் பதித்த நேரத்தை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. பக்கத்துக் கணுவோடு மட்டும் சோதித்து நிறுத்துவதும் போதாது: எஃப்.டி.எஸ்.பி.யின் பிழை வலையமைப்பின் நீளத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் பெருகக்கூடும் என்பதை லென்சன், சோமர், வாட்டன்ஹோஃபர் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். சராசரிப் பிழையோடு மிகப்பெரிய பிழையையும், அது எத்தனையாவது தாவலில் (செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்லும் படி) வந்தது என்பதையும் சேர்த்தே தர வேண்டும். எண்ணியின் ஒரு துடிப்பு எவ்வளவு நீளம் என்பதையும் அங்கேயே குறிப்பிடுவது நல்லது. 32,768 ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்பே 30.5 மைக்ரோநொடி என்பதால், அதில் எடுத்த ஒற்றை அளவீட்டுக்கு ஒரு மைக்ரோநொடித் துல்லியம் கோர முடியாது.