பழைய ரயில் தடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சென்ற மலாயா ரயிலின் சேவை 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது. தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டு, ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி இன்று நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பசுமைத் தடமாகியுள்ளது. ரயிலுக்காகச் சமன்படுத்திய பாதை என்பதால் இங்கே கால்கள் எளிதில் களைப்பதில்லை. பெரும்பாலான தவறுகளுக்கு அந்த எளிமையே காரணமாகிறது.

முதலாவது, திரும்பும் வழியை எண்ணாமல் புறப்படுவது. புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்திலிருந்து கிராஞ்சிவரை உற்சாகமாக ஓட்டிச் சென்றுவிட்டு, வண்டியோடு பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். மடித்தபின் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் மிதிவண்டிகளுக்கு மட்டுமே ரயிலில் அனுமதி உண்டு. தடம் பல இடங்களில் சாலையைவிட உயரத்திலோ தாழ்விலோ செல்வதால், நினைத்த இடத்தில் வெளியேறவும் முடியாது. ஆகவே வெளியேறும் வழிகளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, தெம்பு பாதி இருக்கும்போதே திரும்பிவிடுவது நல்லது.

அடுத்தது வேகம். பொடிக்கல்லும் புல்லும் கலந்த தரையில் திடீரென பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். மழைக்குப் பின் சேறும் சேர்ந்துகொள்ளும். முன்னே கைப்பிடித்து நடக்கும் குழந்தை, ஓரத்துப் புல்லில் ஏதோ கண்டு சட்டெனக் குறுக்கே பாயக்கூடும். எனவே தொலைவிலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். புக்கிட் தீமாவின் பழைய இரும்புப் பாலங்களில் படம் எடுக்க எப்போதும் சிலர் நிற்பார்கள் என்பதால், அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதே முறை.

தடத்தின் பெரும்பகுதியில் விளக்குகள் இல்லை, ஒதுங்க இடமும் குறைவு. இடி முழங்கத் தொடங்கினால் அருகிலுள்ள வழியாக உடனே வெளியேறிவிட வேண்டும்.

இயற்கை வனப்பகுதியை ஒட்டிய இடங்களில் குரங்குகள் இறங்கி வரும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடப்பது அவற்றை அழைப்பதாகும். இரக்கத்தால் ஒரு பழத்தை நீட்டுவது இன்னும் பெரிய தவறு. உணவுக்கு மனிதரை எதிர்பார்க்கப் பழகிய விலங்கு பிறகு பறிக்கவும் துணியும். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது 2020 முதல் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். குரங்கு நெருங்கினால் பையை மறைத்துக்கொண்டு, அதன் கண்களை நேராகப் பார்க்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள்.