பள்ளி வாரியத் தேர்தலும் வெளியூர்ப் பணமும்: வாக்காளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பள்ளி வாரியத் தேர்தல்தானே, யார் வந்தால் என்ன?" அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர் பலரிடம் கேட்கும் பேச்சு இது. ஊரின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியத்தை அங்கே பெரும்பாலும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியூர்ப் பணத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

லாஸ் ஏஞ்சலிஸில் 2017 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஏழு பேர் கொண்ட வாரியத்தில் சில இடங்களுக்கு மட்டுமே போட்டி. இரு கட்டங்களும் சேர்ந்து செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். மே மாத இறுதிச் சுற்றில் வாக்களிக்க வந்தவர்களோ பத்துக்கு ஒருவர் போல. கூட்டம் குறையக் குறைய, சில ஆயிரம் பேரை இழுத்தாலே முடிவு மாறிவிடும். பணம் அதைக் கணக்குப் போட்டுத்தான் வருகிறது.

அடுத்த தவறு, வேட்பாளரின் கணக்கை மட்டும் பார்ப்பது. நேரடி நன்கொடைக்கு அங்கே உச்சவரம்பு உண்டு. வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனியாகச் செலவிடும் குழுக்களுக்கு வரம்பே இல்லை. பெரிய பணம் அந்த வழியில்தான் பாய்கிறது. நெட்ஃபிளிக்ஸ் இணை நிறுவனர் ரீட் ஹேஸ்டிங்ஸ் போன்றவர்கள் சார்ட்டர் பள்ளிகளுக்கு (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள்) ஆதரவான குழுவுக்குக் கொடுத்ததும் அப்படித்தான். தபால்பெட்டியில் விழும் வழவழப்பான அட்டையில் 'பெற்றோர்', 'மாணவர்' என்று குழுவின் பெயர் இருக்கும். பெயரை நம்பிவிடாதீர்கள். முக்கிய நன்கொடையாளர் யார் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள்.

கோடீஸ்வரர்களை மட்டும் திட்டுவதும் அரைகுறைப் பார்வைதான். அதே தேர்தலில் எதிர்த்தரப்பில் ஆசிரியர் சங்கங்களும் பல லட்சம் டாலர் இறக்கின. சார்ட்டர் தரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவழித்தது. சங்கங்கள் ஆதரித்த வாரியத் தலைவர் ஸ்டீவ் ஸிம்மரை சார்ட்டர் தரப்பின் நிக் மெல்வாயின் வீழ்த்தினார்; வாரியத்தில் அந்தத் தரப்புக்குப் பெரும்பான்மையும் கிடைத்தது. ஆனால் பணம் வாங்கித் தந்த பெரும்பான்மை நீடிக்கவில்லை. அந்தத் தரப்பின் ரெஃப் ரோட்ரிகஸ், தேர்தல் நிதி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2018ல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் சங்கத்தின் ஆதரவு பெற்ற ஜாக்கி கோல்ட்பெர்க் வென்றார். எனவே பணம் போட்டவர்தான் ஜெயிப்பார் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதும் தவறு.

வாக்காளரை வரவழைக்க வேடிக்கையான முயற்சிகளும் நடந்தன. 2015ல் ஓர் அமைப்பு, வாக்களித்தவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் 25,000 டாலர் கொடுத்தது! வாக்குச்சாவடிக்கு ஆளைக் கொண்டுவர அது உதவலாம். வாரியம் என்ன செய்கிறது என்ற அக்கறையைக் குலுக்கல் தராது என்பது என் எண்ணம்.

வாரியத் தேர்தலை மாநில, தேசியத் தேர்தல்களோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் முழுசாக நம்ப முடியாது. 2020 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் அப்படித்தான் நடக்கிறது. கூட்டம் கூடியது, ஆனால் 2020ல் செலவு குறையவில்லை. நீண்ட வாக்குச்சீட்டில் வாரியப் போட்டி கீழே எங்கோ கிடக்கும், பலர் அதை வெற்றாக விட்டுவிடுவார்கள்.

குடியுரிமை இல்லையே என்பவர்களுக்கு: சான் பிரான்சிஸ்கோவில் 2018 முதல் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். மற்ற ஊர்களில் அந்த உரிமை அரிது. ஆனால் வாரியக் கூட்டத்தில் எழுந்து பேச, பொதுவாக யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.