சோசியல் கிளாஸ்ல நாம பண்ற தப்புகள் (மூணாப்பு முதல் அஞ்சாப்பு வரைக்கும் எடுக்குற டீச்சர்களுக்கு)

தஞ்சாவூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில நாலாப்பு, அஞ்சாப்புக்கு சோசியல் எடுக்குறேன். பசங்களுக்கு சோசியல்னா பிடிக்கவே மாட்டேங்குதுன்னு நிறைய டீச்சருங்க சொல்லிக் கேட்டிருக்கேன். ஆனா அதே பசங்கதான் ஆத்துல தண்ணி எப்ப வரும், நம்ம ஊருக்கு ஏன் இந்தப் பேரு, தாத்தா சின்னப் பையனா இருந்தப்ப இங்க பஸ் வந்துச்சான்னு ஓயாம கேட்டுக்கிட்டு இருக்காங்க. இதெல்லாம் சோசியல் இல்லாம வேற என்ன?

நான் பண்ண முதல் தப்பு, புக்ல ஆறுகள் பாடம் எப்ப வருதோ அப்பதான் காவிரியைப் பத்தி பேசுவேன்னு உக்காந்திருந்தது. இங்க ஸ்கூல் திறந்த கொஞ்ச நாள்லயே, வழக்கமா ஜூன் 12, மேட்டூர் அணையைத் திறப்பாங்க, மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துடும், அப்புறம் ஊர் வாய்க்கால்ல நுரையும் குப்பையுமா மொத தண்ணி வரும்போது ஒரு பய கிளாஸ்ல இருக்க மாட்டான். அந்த நாள்தான் ஆறு பாடம் எடுக்க வேண்டிய நாள். இப்பல்லாம் அன்னிக்கு வாய்க்கால் கரையில நிக்க வெச்சு, கரைக்கு மேலயே தள்ளி நின்னு, இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பின்னாடியே போவோம். நம்ம வாய்க்கால், கல்லணை, முக்கொம்பு, பவானி வந்து சேருற கூடுதுறை, மேட்டூர், ஒகேனக்கல், கர்நாடகாவுல குடகு மலைல இருக்குற தலைக்காவிரி. மறுநாள் புக்கைத் திறந்தா பாதிப் பாடம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மேட்டூர் திறப்பு தள்ளிப் போற வருஷமும் வரும், அப்ப ஏன் திறக்கலங்குறதே பாடம்.

அடுத்தது மேப். எடுத்த உடனே இந்தியா மேப்பை சுவத்துல மாட்டி "மேலே வடக்கு, கீழே தெற்கு"ன்னு சொல்லிடுறோம். வடக்கு எங்கடான்னு கேட்டா புள்ள மேல் கூரையைக் காட்டும். அது மேல தப்பே இல்ல, நாம சொன்னதைத்தான் காட்டுது. காலையில பிரேயர் முடிஞ்சதும் சூரியனைப் பாத்த மாதிரி நிக்க வெச்சா இடது கைப் பக்கம் வடக்கு, வலது கைப் பக்கம் தெற்கு, அதுக்கப்புறம் மேப்பைத் தரையில வடக்கு பாத்து விரிச்சுப் போடுங்க, மேப்ல இருக்குற திசையும் ஊர்ல இருக்குற திசையும் ஒண்ணாயிடும். ஜூன்ல ஒரு இடத்துல உதிக்குது, டிசம்பர்ல தள்ளி உதிக்குதேன்னு ஒரு புள்ள கேட்டா தயவுசெஞ்சு அடக்கிடாதீங்க. அது சரியாத்தான் பாத்திருக்கு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டித்தான் சூரியன் நேர் கிழக்குல உதிக்கும். இன்னொண்ணு, ஆபீஸ் ரூம்ல சுருட்டி வெச்ச பழைய மேப்ல 32 மாவட்டம்தான் இருக்கும். 2019ல அஞ்சு, 2020ல மயிலாடுதுறை சேர்ந்து இப்ப 38. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு எங்க அத்தை ஊரு மேப்லயே இல்லன்னு சொன்னப்பதான் நானே கவனிச்சேன்.

வரலாறுல பெரிய தப்பு வருஷத்தைச் சும்மா நம்பரா சொல்லிட்டுப் போறது. ஒன்பது வயசுப் புள்ளைக்கு ஆயிரம் வருஷமும் ரெண்டாயிரம் வருஷமும் ஒண்ணுதான், ராஜராஜனும் கரிகாலனும் காந்தியும் எல்லாரும் "முன்னாடி" இருந்தவங்க, அவ்வளவுதான். இதுக்கு நான் ஒரு கயிறு வெச்சிருக்கேன். ஒரு சாணுக்குப் பத்து வருஷம். புள்ள பொறந்தது ஒரு சாணுக்குள்ளயே முடிஞ்சிடும், தாத்தா பாட்டி பொறந்தது ஆறு சாண் ஏழு சாண், 1947 எட்டு சாண் கிட்ட. பெரிய கோயில் கட்டி முடிச்ச 1010க்குப் போகணும்னா நூறு சாணைத் தாண்டணும், கயிறு கிளாஸை விட்டு வராண்டா வழியா வேப்ப மரம் வரைக்கும் போகும். கரிகாலனுக்கு ஏறக்குறைய இன்னும் அவ்வளவு தூரம், கிரவுண்டு கேட் வரைக்கும். கேட்ல நின்ன பையன் அங்கேருந்து கத்துறான், "சார், காந்தி உங்க பக்கத்துலயே இருக்காரு"ன்னு. அதுக்கப்புறம் அவன் மூணு பேரையும் குழப்பினதே இல்ல.

கிளாஸ் கலகலன்னு இருந்தாலே புள்ளைங்க கத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறதும் தப்புதான். தெர்மாகோல்ல கோயில், மாறுவேஷம், சார்ட். பாதி வேலை அம்மா அப்பா பண்ணது, போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டா முடிஞ்சது. பஞ்சாயத்துத் தேர்தல் நடிக்க வெப்போம், ஒருத்தன் தலைவர் ஆவான், கை தட்டுவோம், ஆனா அந்தத் தலைவருக்கு என்ன வேலைன்னு எவனுக்கும் தெரியாது. நடிப்புக்குள்ள ஒரு நிஜப் பிரச்சினையை வைங்க. ஸ்கூல் வாசல்ல தெருவிளக்கு எரியல, அதுக்கு யாரைக் கேக்கணும்? கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புள்ளைங்களே ஒரு மனு எழுதி வீட்டுப் பெரியவங்க கையில குடுத்து விடலாம். நாங்க குடுத்த மனுவுக்கு விளக்கு வர நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் புள்ளைங்க தினம் கம்பத்தைப் பாத்துட்டேதான் உள்ள வந்தாங்க.

குடும்பம் பத்தின பாடத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், இதை மனசுல இருந்து சொல்றேன். அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேக்காதீங்க. அப்பா இல்லாத புள்ள இருக்கும், அப்பா வேலையைச் சொன்னா ஜாதி தெரிஞ்சிடுமேன்னு பயப்படுற புள்ளயும் இருக்கும், அதுக்கு ஒன்பது வயசுலயே அது தெரியும். நான் ஒரு தடவை கேட்டுட்டு, ஒரு பொண்ணு உக்காரவும் முடியாம பேசவும் முடியாம நின்னதைப் பாத்தேன். இப்ப "உங்க வீட்டுல உங்களைப் பாத்துக்குறவங்கள்ல ஒருத்தர்கிட்ட அவங்க சின்ன வயசுக் கதை ஒண்ணு கேட்டுட்டு வாங்க, சொல்லணும்னு தோணினா சொல்லுங்க"ன்னு மட்டும்தான் சொல்றேன்.

கடைசியா டெஸ்ட். வருஷம் பூரா இதெல்லாம் பண்ணிட்டு பேப்பர்ல "கல்லணையைக் கட்டியவர் ____"ன்னு மட்டும் கேட்டா, புள்ளைங்க அடுத்த வாரமே கைடைத் தேடிப் போயிடுவாங்க. அதையும் கேளுங்க, கூடவே யோசிக்கிற மாதிரி ஒண்ணு கேளுங்க. கல்லணை இல்லன்னா நம்ம ஊர் என்ன ஆகியிருக்கும்னு நான் கேட்டேன். ஒரு அஞ்சாப்புப் பையன் எழுதியிருந்தான்: கொள்ளிடம் பள்ளமா இருக்கு, தண்ணி எல்லாம் அதுல இறங்கி கடலுக்குப் போயிரும், எங்க வயல் காஞ்சிரும், எங்க அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பாரு.